வாளி வைத்த வாரம்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். வயது இருபத்தாறு. உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறிப்போய் மோட்டாரையும் பிரேக்கையும் பார்ப்பான். அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி, மற்றவர்கள் கதவிடுக்கில் தவறவிட்ட சாவி, காதணி, ஒரு தடவை ஒரு பல்செட், இவற்றையெல்லாம் பொறுக்கிக்கொண்டு மேலே வருவான். அவனைப் பற்றி யாராவது விசாரித்தால் இவ்வளவுதான் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும். மற்றபடி அவன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். வருகிறவர்களின் மூக்கில் அந்தக் கனமான சோதனை ஃபிரேமை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் பதினான்கு வருடமாக என் பிழைப்பு. பாதிப் பேர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு கட்டத்தில் கண் தானாக ஒன்றைத் தேர்ந்துவிடும். இந்த வித்தை தம்பியிடம் மட்டும் பலிக்கவே இல்லை. நீ சொல்வது விளையாட்டா நிஜமா என்று எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும், ரெண்டும் ஒண்ணுதான் என்பான்.

அவனுக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. 'கீழே போகிறது' என்று பெயர். லிஃப்டுக்குள் ஒரு பெண் குரல் சொல்லுமே, அதுதான். முப்பத்தெட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள். எங்கள் வம்சத்தையே கூட்டினாலும் எங்கள் பேச்சை இத்தனை பேர் கேட்டிருக்க மாட்டார்கள். கருகிப்போன ஒரு பொத்தானைப் படம் எடுத்து, 'மேலே போக ஆசைப்பட்டவரின் கடைசிப் படம்' என்று போடுவான். லிஃப்ட் கண்ணாடியில் தெரியும் தன் பாதி முகத்தைப் போட்டு, 'தினமும் துடைக்கிறேன், கறை போகவில்லை, பிறகுதான் தெரிந்தது அது நான்' என்பான். கீழே ஆயிரம் பேர் சிரிப்பார்கள். 'நானும்தான்' என்பார்கள். உடனே அவனே வந்து, 'சோகமாக எழுதினால் லைக் விழும் என்று கண்டுபிடித்துவிட்டான், பாவம்' என்று தன்னையே மூன்றாம் மனிதனாக்கி எழுதுவான். தன்னைத் தானே கிண்டல் செய்வதெல்லாம் போன வருடத்து ஃபேஷன் என்று எவனாவது சொன்னால், அதனால்தான் செய்கிறேன், எனக்கு எல்லாமே லேட்டாகத்தான் வரும் என்பான். வெங்காயம் உரித்த கதைதான். உரிக்க உரிக்கத் தோல் வருகிறது, என் கண்தான் எரிகிறது.

ஆரம்பத்தில் நான் பதறிப்போவேன். கறை என்று எழுதிய அன்று எனக்கு வேறு எதுவும் தோன்றாமல் கீழே 'சாப்பிட்டியா?' என்று கேட்டுவிட்டேன். அக்காக்காரிக்கு வேறென்ன கேட்கத் தெரியும்? அன்று முழுக்க என் போன் அடங்கவில்லை. 'அக்கா, நான் சாப்பிடல', 'அக்கா, என்னையும் கேளுங்க' என்று முகம் தெரியாத இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். அதிலிருந்து எவன் சோகமாக எழுதினாலும் கீழே ஒருவன் 'சாப்பிட்டியா?' என்று போடுவது அவர்களுக்குள் வழக்கமாகிவிட்டது. என்னைக் கேலி செய்கிறார்களா, அல்லது நிஜமாகவே யாராவது கேட்கட்டும் என்று ஏங்குகிறார்களா என்று புரியாமல் நான் திருதிருவென்று முழித்தேன். தம்பியைக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதான் என்றான்.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. சிரிச்சுட்டுதானே இருக்கான், நல்லாத்தான் இருக்கான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். சில சமயம் அம்மாவின் மேல் எனக்குப் பொறாமையாக வரும்.

அவனுக்கும் அந்தப் பக்கத்தின் வழியாகச் சேர்ந்த பத்துப் பேருக்கும் தனியாக ஒரு குரூப் இருக்கிறது. பாதிப் பேரை நேரில் பார்த்ததுகூட இல்லை. அங்கே ஒரே ஒரு சட்டம். யாராவது தப்பித்தவறி நிஜமாக ஒரு வார்த்தை பேசிவிட்டால், அது நன்றியோ மன்னிப்போ பயமோ எதுவானாலும், ஒரு வாரத்துக்குத் தன் புரொஃபைல் படமாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொள்ள வேண்டும். குரூப்புக்கு வெளியே வேறு யாரிடமாவது பேசியிருந்தாலும் அதே கதிதான். ஒரு நிஜத்துக்கு ஒரு வாரம். அடுத்த நிஜத்துக்கு அடுத்த வாரம்.

வெளியே பேசினால் யாருக்குத் தெரியப்போகிறது, சொல்லாமல் விட்டுவிட்டால் ஆயிற்று என்றேன். தம்பி என்னை ஏதோ திருட்டுக்கு யோசனை சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அதெப்படிக்கா? அது தப்பு."

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கிண்டல் செய்கிற பதினொரு பேர், இந்த வாளி விஷயத்தில் மட்டும் யாரும் ஏமாற்றுவதில்லையாம். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கம்பெனி பராமரிக்கும் ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஓர் அவசர எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்குரிய பழைய பொத்தான் போன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தம்பியின் பாக்கெட்டில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அது அடித்தது. எடுத்தவன் என் தம்பியே இல்லை. எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், எவ்வளவு நேரமாக என்று நிதானமாகக் கேட்டான். பிறகு, "கதவை நீங்களாத் தள்ளாதீங்கம்மா. கீழ உக்காந்துக்குங்க. காத்து வரும், மூச்சு முட்டாது. நான் வந்துட்டே இருக்கேன்" என்றான். கை கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் இறங்கும்போதும் போனை வைக்கவில்லை. அந்த அம்மாள் அழுதிருக்க வேண்டும். "நானும் உங்ககூடவேதான் இருக்கேன், பேசுங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே போனது தெருமுனை வரைக்கும் எனக்குக் கேட்டது.

அந்தக் குரலை எங்கே வைத்திருக்கிறான், வீட்டுக்கு வரும்போது அதை எங்கே கழற்றிப் போடுகிறான் என்று அன்று முழுக்க யோசித்தேன். அதற்கெல்லாம் வாளி உண்டா என்று அவன் திரும்பி வந்ததும் கேட்டேன். டியூட்டியில் பேசுவது கணக்கில் வராது என்றான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் தம்பி கெட்டதும் அப்படித்தான். ஒரு வியாழக்கிழமை, எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மாதாந்திர சர்வீஸ் முடித்துவிட்டு, சர்வீஸ் தாளைப் படம் பிடித்து இப்படிப் போட்டான்: 'பிரேக்கைப் பார்த்தேன். பிரேக் என்னைப் பார்த்தது. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டுவிட்டேன்.' இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை அதே லிஃப்ட், நான்காவது மாடியில் தரையோடு தரையாக நிற்காமல் ஒரு சாண் கீழே நின்றது. கதவு திறந்ததும் கால் எடுத்து வைத்த ஓய்வு பெற்ற இசை ஆசிரியை தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தம்பியின் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றார். அவருடைய மகள் தம்பியின் பக்கத்தைப் பார்க்கிற முப்பத்தெட்டாயிரத்தில் ஒருத்தியாம். தம்பியை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி, இரண்டு வாரத்தில் விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அந்தத் தொழிலில் வேறு எங்கேயும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பிரேக்கைப் பார்க்காமல் டிக் போட்டவன் என்று பெயர் விழுந்தால் விழுந்ததுதான்.

நான் கேட்ட முதல் கேள்வி, பார்த்தாயா இல்லையா என்பதுதான். பார்த்தேன்கா என்றான். ஒன்றே கால் மணி நேரம் ஆனது, பழைய லைனிங்கைத் தேய்த்துச் சரி செய்தேன் என்றான். அப்படியானால் ஏன் அப்படி எழுதினாய் என்றேன். பார்த்தேன்னு எழுதினா யார் படிப்பாங்க என்றான். என் கையில் அப்போது கரண்டி இருந்தது. அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் அவன் பக்கத்தில் முதல் தடவையாக நேராக எழுதினான். 'அந்த பிரேக்கை நான் உண்மையாகவே பார்த்தேன். விழுந்தவரை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. என்னை நம்புங்கள்.' அவ்வளவுதான். அதற்குத்தான் இதுவரை இல்லாத அளவுக்குச் சிரிப்பு வந்து குவிந்தது. 'என்னமா நடிக்கிறான்', 'உச்சக்கட்டம்', 'அழுதுட்டேன்' என்று எழுதி, பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை முகங்கள். எவனோ ஒருவன் 'சாப்பிட்டியா?' என்று கேட்டிருந்தான். புலி வருது கதையில் கடைசியில் யாரும் வராமலாவது இருந்தார்கள். இங்கே எல்லோரும் ஓடி வந்து, புலியைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். குரூப்பில் வாளி வைக்கச் சொன்னார்கள். வைத்தான்.

ஒரு வாரம் முடிந்தது. வாளி எடுக்கப்படவில்லை. ஏன்டா இன்னும் வாளி என்றதற்கு, மறந்துட்டேன்கா என்றான். மறக்கிற ஆள் இல்லை அவன். ஆனால் எனக்கு அப்போது அதைத் துருவிக்கொண்டிருக்க நேரமில்லை. விசாரணைக்கு ஊழியர் தரப்பில் ஒருவர் உடன் வரலாம் என்று கம்பெனி விதி இருந்தது. நான் போவதென்று முடிவு செய்திருந்தேன். பையன் எழுதுவதெல்லாம் விளையாட்டு, ஒரு வரிகூட நிஜமில்லை என்று நிரூபித்துவிட்டால் அந்தப் பதிவு செல்லாக்காசாகிவிடும். இதுதான் என் திட்டம். அவன் பக்கத்தில் இரண்டு வருடத்துக்குப் பின்னால் போய், ஒவ்வொன்றாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கடைக்குப் பக்கத்து நகலகத்தில் அறுபத்து நான்கு தாள் அச்செடுத்தேன். அச்செடுத்துக் கொடுத்தவன் படித்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

போனில் ஓட்டிப் பார்ப்பது வேறு, தாளில் வைத்துப் படிப்பது வேறு. தாளில் சிரிப்பு முகங்கள் கறுப்பு வெள்ளையில் மங்கிப்போய், எழுத்து மட்டும் தனியாக நின்றது. நாற்பத்தோராவது தாளில் என் கை நின்றுவிட்டது. பதினொரு மாதத்துக்கு முந்தைய பதிவு. 'லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். நான் மாட்டிக்கொண்டால் அதே எண்ணுக்குத்தான் அடிக்க வேண்டும். என் பாக்கெட்டிலேயே மணி அடிக்கும். நானே எடுத்து, பயப்படாதீங்க, வந்துகொண்டே இருக்கிறேன் என்பேன். யாரும் வர மாட்டார்கள்.' அதன் கீழேயே அவன் எழுதியிருந்தது: 'இது லைக்குக்காக எழுதியது. இதைச் சொன்னதும் லைக்குக்காகத்தான்.' நானூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். தேடிப் பார்த்தேன், நான் அன்று எதுவும் கேட்கவில்லை. அதற்குள் கேட்பதை விட்டிருந்தேன்.

அந்தத் தாளை உருவி எடுத்தேன். எடுத்தால் இது மட்டும் நிஜம் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. திரும்பச் செருகினேன். செருகினால் இதுவும் விளையாட்டுதான் என்று அவன் முன்னால் நானே சாட்சி சொல்வதாகிவிடும். மறுபடி உருவினேன். மூன்று தடவை இப்படிச் செய்து, கடைசியில் உள்ளேயே விட்டுவிட்டேன்.

விசாரணை, கம்பெனி கோடவுனுக்கு மேலே ஒரு சின்ன அறையில். மூலையில் கம்பிவடம் சுற்றிய பெரிய உருளைகள். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் பாதுகாப்பு அதிகாரியாக ஒரு பெண்ணும். பக்கவாட்டில் சங்கச் செயலாளர், போனைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மாற்ற வேண்டிய ஆள் என்று எனக்குத் தோன்றியது. தொழில் புத்தி எங்கே போகும்.

பார்த்தாயா இல்லையா என்று மேனேஜர் கேட்க, பார்த்தேன் சார், அது சும்மா எழுதினது என்றான் தம்பி.

"எது சும்மா?" என்றார் செயலாளர். "அன்னைக்கு எழுதினதா, இப்ப சொல்றதா?"

அந்தக் கேள்வியில் கிண்டலே இல்லை. மனிதர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு வருடமாக நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

நான் தாள்களை மேஜையில் வைத்தேன். இவன் எழுதுவது ஒன்றுகூட நிஜம் கிடையாது, எல்லாமே விளையாட்டு, நீங்களே படித்துப் பாருங்கள் என்றேன். மேனேஜர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதலில் சிடுசிடுவென்றுதான் இருந்தார். பத்தாவது தாளில் உதடு கோணியது. கறைப் பதிவுக்கு வாய்விட்டுச் சிரித்தார். அறுபத்து நான்கு தாளில் அவர் எதைச் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேனோ, அதையேதான் படித்தார்.

"'என் பாக்கெட்டிலேயே மணி அடிக்கும்.' இது நல்லாருக்குய்யா" என்று மேஜையைத் தட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர்கூடச் சிரித்துவிட்டார். தம்பியும் சிரித்தான், மற்றவர்களைவிட ஒரு நொடி முன்னாலேயே. நான் சிரித்தேனா இல்லையா என்று நினைவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பாதுகாப்பு அதிகாரி தன் அறிக்கையைப் படித்தார். பிரேக் லைனிங் புதிதாகச் சரி செய்யப்பட்ட அடையாளம் தெளிவாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடத்தில் பெயிண்ட் அடித்தவர்கள் சாரம் கட்டும்போது, லிஃப்ட் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் சென்சாரை இடித்து நகர்த்தியிருக்கிறார்கள். கோளாறு அங்கேதான். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும் என்றார். போன வாரம் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆசிரியையின் கட்டிலோரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். என்னை மன்னிச்சிடுங்க என்று மட்டும் சொல்லி அழுதானாம். அந்த அம்மாளே இவரிடம் சொன்னாராம்.

நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் கம்பிவட உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்த இரண்டாவது வாரத்து வாளி எதற்கென்று எனக்குப் புரிந்தது. மறக்கவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு நிஜத்துக்குத் தானாகவே வாளி வைத்திருக்கிறான். வாய் புரளும், எழுத்து புரளும், வாளி புரளாது.

வேலை திரும்பக் கிடைத்தது. இனி வேலை இடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அம்மா, நான் அப்பவே சொன்னேனே, நல்லாத்தான் இருக்கான் என்றாள். தம்பி தன் பக்கத்தில், 'என் வாழ்க்கை முழுவதும் விளையாட்டு என்று அதிகாரபூர்வமாக நிரூபிக்கப்பட்டது. சாட்சி: அக்கா' என்று எழுதினான். இரண்டு வாரம் முடிந்ததும் வாளியை எடுத்துவிட்டுப் பழையபடி கண்ணாடியில் தெரியும் பாதி முகத்தை வைத்தான்.

எல்லாம் சுபம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு மட்டும் நாற்பத்தோராவது தாள் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. விளையாட்டு என்று சபையில் சொன்னவளே நான்தான். இனி எந்த வாயோடு போய் அது நிஜமா என்று கேட்பது? இரண்டு தடவை வீட்டில் கேட்கப் பார்த்தேன். முதல் தடவை, தீர்ப்பு வந்த வழக்கைத் திரும்பத் திறக்கக் கூடாது என்றான். இரண்டாவது தடவை, சாப்பிட்டேன்கா என்றான், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

அடுத்த புதன்கிழமை மத்தியானம். கடையில் ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கக் கேட்க, எதுவுமே தெளிவில்லைம்மா என்று அவர் ஃபிரேமைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு, எங்கள் வணிக வளாகத்து லிஃப்டுக்குள் போய் நின்றேன். கதவு திறந்தேதான் இருந்தது. அதையும் தம்பியின் கம்பெனிதான் பராமரிக்கிறது. பக்கவாட்டில் அந்த அவசர எண். அந்த வாரம் போன் அவனிடம் என்று தெரியும். அவனுடைய சொந்த எண்ணுக்கு அடித்தால் எந்தத் தம்பி எடுப்பான் என்றும் தெரியும். இதற்கு அடித்தேன்.

"லிஃப்ட் சர்வீஸ். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்தன்" என்றேன்.

குரலைக் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, இந்த நம்பருக்கு விளையாட்டுக்குக் கூப்பிடக் கூடாது. நிஜமா யாராவது மாட்டியிருப்பாங்க. வை."

"விளையாட்டு இல்லடா. நிஜமாத்தான் மாட்டியிருக்கான்."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரமா?" என்றான். பழக்க தோஷத்தில் கேட்டானா, புரிந்துதான் கேட்டானா, தெரியாது.

"அதை நீதான் சொல்லணும்."

ஒரு ஜோக் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். லிஃப்ட் கதவு மூட வந்தது. காலை வைத்துத் தடுத்தேன். மறுபடி வந்தது, மறுபடி தடுத்தேன்.

"ஒரு வருஷம் இருக்கும்கா" என்றான்.

அதற்கு மேல் என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்குப் படியில் இறங்கிப்போகும்போது அவன் பேசியதுதான்.

"கதவை நீயாத் தள்ளாதே. கீழ உக்காந்துக்கோ. காத்து வரும். நான் வந்துட்டே இருக்கேன்."

எங்கே இருக்கிறான் என்று கேட்டு, கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்டை நிறுத்தி வைத்திருந்ததால் படியேறிப் போனேன். மெஷின் ரூம் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான், எண்ணெய்த் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, உனக்குத்தான் காத்து வரல என்றான். பிறகு பேசினான். காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்றான். குளிப்பதற்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறதாம். காரணம் என்று எதுவும் இல்லையாம். அதுதான் அசிங்கமாக இருக்கிறது என்றான். எழுதி, ஆட்கள் சிரித்தால், அவர்கள் சிரிக்கும் நேரத்துக்கு மட்டும் லேசாக இருக்குமாம். அந்த பிரேக் பார்க்கும் ஒன்றே கால் மணி நேரமும் லேசாக இருக்குமாம். செத்துப்போகும் யோசனை வருகிறதா என்று நான் நேராகவே கேட்டேன். இல்லக்கா, அவ்வளவு சுறுசுறுப்பு இல்ல என்றான். இதற்குச் சிரிப்பதா அழுவதா? இரண்டையும் செய்தேன்.

பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று அவனிடமே சொன்னேன். எனக்கும்தான் என்றான். டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். சரி என்றான். சொன்ன வேகத்தைப் பார்த்தால், அக்காவைச் சமாதானப்படுத்திப் படியிறக்கி அனுப்பச் சொன்ன 'சரி'யாகத்தான் பட்டது. வீடு வந்து சேர்வதற்குள் எனக்குப் பழைய சந்தேகம் முழுசாகத் திரும்பிவிட்டது. மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் குரலை எனக்காக எடுத்துப் போட்டுக்கொண்டானோ? ஒரு வருஷம் என்றதும் சும்மாவோ?

வியாழக்கிழமை காலை போனைத் திறந்தால் அவன் பாதி முகத்தைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பு வாளி.

குரூப்பில் பத்துப் பேரும் அவனைத் துளைத்தெடுத்திருக்கிறார்கள். யார்கிட்டடா சொன்னே, என்னடா சொன்னே, காதலா என்று. அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லையாம். பக்கத்தில் புது நகைச்சுவை என்று நினைத்து நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்திருந்தார்கள். அந்த மெஷின் ரூம் வாசலில் அவனையும் என்னையும் தவிர யாரும் இல்லை. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

அடுத்த புதன்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவன் மட்டும் உள்ளே போனான். நாற்பது நிமிடம் நான் வெளியே மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து, டாக்டருக்கு ஜோக்கே புரியலக்கா என்றான். அப்படியானால் உள்ளே போயும் ஜோக்தான் அடித்தானா? வாயைத் திறந்து ஒன்றாவது சொன்னானா? பஸ்ஸில் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நானும் கேட்கவில்லை.

மறுநாள் எட்டாம் நாள். வாளிக்கான வாரம் முடிந்துவிட்டது. கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, லென்ஸ் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். வாளி அங்கேயேதான் இருந்தது.